தரையில் சிந்திய பாதரசம்: வாரியலைத் தொடுவதற்கு முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராகப் பல வருடம் இருந்தேன். பாதரசம் சிந்தினால் அள்ளுவது என் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் அள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்து வீடுகளில் காய்ச்சல் தெர்மாமீட்டர் உடைந்து என்னைக் கூப்பிடும்போது, நான் போவதற்குள் அவர்கள் என்ன செய்து வைத்திருப்பார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். “கொஞ்சூண்டுதான அண்ணாச்சி, தூத்துத் தள்ளிட்டேன்” என்று வாரியலை, அதாவது விளக்குமாற்றை, காட்டுவார்கள். எனக்கு வேலை இரட்டிப்பாவது அங்கேதான்.

அள்ளுவது கஷ்டமே இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய நாலைந்து காரியங்களைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சிந்தியது பாதரசம்தானா, எவ்வளவு என்று பாருங்கள்

தெர்மாமீட்டருக்குள் இருந்தது சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது சாயம் கலந்த ஆல்கஹால். கண்ணாடியை மட்டும் பொறுக்கிவிட்டுத் துடைத்தால் போதும். வெள்ளி நிறத்தில் இருந்து, தரையில் முத்து முத்தாக உருண்டு ஓடினால் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில புது தெர்மாமீட்டர்களில் காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த வேறொரு வெள்ளி நிறத் திரவம் இருக்கும். அட்டையில் ‘மெர்குரி இல்லை’ என்று போட்டிருப்பார்கள். அட்டை தொலைந்துபோயிருந்தால் சந்தேகத்தின் பலனைப் பாதரசத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அளவு முக்கியம். காய்ச்சல் தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து 1 கிராம் வரை இருக்கும். ஆய்வக தெர்மாமீட்டரில் 3, 4 கிராம்கூட இருக்கலாம். பழைய பி.பி. மெஷினில் 100 கிராம் அளவுக்கு வரும். சி.எஃப்.எல். விளக்கில் 5 மில்லிகிராமுக்குள்தான். இந்த வழிகாட்டி தெர்மாமீட்டர் அளவுக்கு. மற்ற இரண்டையும் 10-ஆம் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

வீட்டில் வேறு எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் முதலில் காட்டுவது முகம் பார்க்கும் கண்ணாடியை. ரசம் போன கண்ணாடி என்று நாம் சொல்வது பழைய பழக்கம். இப்போது கண்ணாடியின் பின்னால் பூசுவது வெள்ளி அல்லது அலுமினியம். பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, விவரச் சீட்டு ஒட்டாமல் விற்கும் சிவப்பழகு கிரீம்களுக்கு. அவற்றில் சிலவற்றில் பாதரச உப்பு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

2. உடைவதற்கு முன்பே ஒரு டப்பா தயாராக இருக்கட்டும்

பாதரச தெர்மாமீட்டர் வைத்திருக்கும் வீட்டிலும் ஆய்வகத்திலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, ஜிப் கவர் ஏழெட்டு, இறுகிய மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச் அல்லது இங்க் ஃபில்லர், அகலமான பிரவுன் டேப், டார்ச், பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டு.

கல்யாணப் பத்திரிகை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளிம்பு நேராக, விறைப்பாக, வழவழப்பாக இருக்கும் அட்டை வேண்டும். அதற்கு அதை விட்டால் வேறில்லை. நோட்டு அட்டை சொரசொரப்பாக இருக்கும். உருண்டைகள் அதில் ஒட்டாவிட்டாலும் விளிம்பில் சிதறும்.

பாட்டிலில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி வையுங்கள். பாதரசம் தண்ணீரைப் போல 13 மடங்குக்கு மேல் கனம். விழுந்ததும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே நிற்கும் தண்ணீர் ஆவி கிளம்புவதைக் குறைக்கும். அலுமினிய டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். பாதரசம் பட்ட இடத்தில் அலுமினியம் பூத்து, உளுத்து, ஓட்டை விழும்.

உடைந்த பிறகு இதையெல்லாம் தேடப் போனால் என்ன ஆகும்? தேடுகிறவர் அதே செருப்போடு அடுக்களைக்கும் பட்டாசலுக்கும் நாலு தடவை நடப்பார். ஒரு அறையில் இருந்தது நாலு அறைக்குப் போய்விடும்.

3. முதல் ஐந்து நிமிடம்: ஆள், நகை, காற்று

ஆள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், நாய், பூனை எல்லாரும் முதலில் வெளியே. தவழும் குழந்தையின் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆவியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மிதித்தவர் யாராவது இருந்தால் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.

நகை. மோதிரம், வளையல், தாலிச்செயின், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வாயு அழுத்தச் சோதனைக்கான ‘பாயில் விதி’க் கருவி ஒன்று, உள்ளே பாதரசம் உள்ளது, கை நழுவி உடைந்தது. அள்ளி முடித்து வீட்டுக்குப் போனால் கல்யாண மோதிரம் வெள்ளி மோதிரமாக இருக்கிறது. தங்கத்தைத் தொட்ட பாதரசம் அதற்குள் கலந்துவிடும், துடைத்தால் போகாது. வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுங்கள். ரவிக்கைக்குள் சொருகிக்கொள்வது போதாது. குனிந்தால் வெளியே வந்துவிடும்.

காற்று. சீலிங் ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்துங்கள். வெளியே பார்க்கும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஃபேன் ஓடினால் ஆவி வெளியே போகாது, வீடு முழுக்கச் சுற்றும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வீசும் நாட்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மேற்கு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே தள்ளி, கதவிடுக்கு வழியாக ஆவியை வீட்டுக்குள் அனுப்பும். கிழக்கிலும் ஒரு வழி இருந்தால் திறந்து வையுங்கள்.

இந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது. அதனால்தான் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. பூட்டிய அந்த அறையில் 1 மில்லிகிராம் மட்டும் ஆவியானால் ஒரு கன மீட்டரில் 29 மைக்ரோகிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் காற்றுக்குச் சொல்லும் ஆண்டுச் சராசரி அளவு 1 மைக்ரோகிராம். ஒரு தெர்மாமீட்டரில் அப்படிப்பட்ட மில்லிகிராம் 500-இலிருந்து 1000 வரை இருக்கிறது.

நம் ஊர் வெயில் இதைக் கூட்டிக் கொடுக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆவியாகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. 20 டிகிரி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த அறிவுரையை நெல்லைச் சித்திரை மதியத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிந்திய இடத்தில் நேர் வெயில் விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு துணி கட்டி நிழலாக்குங்கள். சாயங்காலம் குளிர்ந்ததும் அள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

4. கண்ணாடியை முதலில் எடுங்கள்

கையுறை போட்டுக்கொண்டு, பெரிய துண்டுகளைக் கையாலும் சிறியவற்றை டேப்பாலும் எடுத்து ஜிப் கவரில் போடுங்கள். உருண்டைகளை முதலில் துரத்தினால் கண்ணாடித் தூள் கையுறையைக் கிழிக்கும். கிழிந்த கையுறையோடு நீங்கள் மீதி வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள், தெரியாமல்.

தெர்மாமீட்டரின் நுனிக் குமிழ் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பாதரசம் அதிலேயே இருக்கலாம். குமிழை மேல்நோக்கிப் பிடித்துத் தூக்கினால் மிச்சமும் கொட்டிப்போகும். குமிழ் கீழே இருக்கும்படி எடுத்து நேராகப் பாட்டிலுக்குள் விடுங்கள்.

5. வெளியிலிருந்து உள்ளே உருட்டுங்கள்

பாதரசம் துணியையோ தரையையோ நனைக்காது. அதனால் துணியில் ஊறாது, பஞ்சில் ஏறாது. ஈரத்துணி போட்டுத் துடைப்பவர்கள் அதை இன்னும் பொடியாக்கிப் பரப்புகிறார்கள், அவ்வளவுதான். காந்தத்தைக் கொண்டுவந்த ஒரு பையனும் உண்டு. உலோகம்தானே என்று நினைத்தான். காந்தத்துக்கும் வராது.

வாரியல் ஏன் கூடாது என்பதற்கும் காரணம் இதே குணம்தான். 1 கிராம் பாதரசம் ஒரே உருண்டையாக இருந்தால் குறுக்களவு 5 மில்லிமீட்டர். வாரியல் ஈர்க்கு அதை ஆயிரம் சின்ன உருண்டைகளாக உடைத்தால், எடை அதேதான். ஆனால் காற்றுப் படும் பரப்பு பத்து மடங்கு. அந்த வாரியல் அடுத்த நாள் மற்ற அறைகளுக்கும் போகும். வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம்: உறிஞ்சி, சூடாக்கி, ஆவியாக்கி, அறை முழுக்க ஊதிவிடும்.

செய்ய வேண்டியது இது. சிந்திய இடத்தின் வெளி ஓரத்தில் மண்டியிடுங்கள், நடுவில் கால் வைக்காதீர்கள். ஒரு பத்திரிகை அட்டையைத் தடுப்பாகப் பிடித்து, இன்னொன்றால் உருண்டைகளை பைய நடுவை நோக்கி நகர்த்துங்கள். பக்கத்தில் வந்ததும் இரண்டு உருண்டைகள் தானாகவே ஒன்றாகிவிடும். அந்தக் குணம் நமக்குச் சாதகம். வேகமாகத் தள்ளினால் மோதிச் சிதறும்.

பெரிய உருண்டை சேர்ந்ததும் சிரிஞ்சைப் படுக்கை வாக்கில் வைத்து உறிஞ்சுங்கள். நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கனம் தாங்காமல் நுனியிலிருந்து சொட்டிவிடும். பாட்டிலைச் சிந்திய இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து போக வேண்டாம். சிரிஞ்ச் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விடுவிக்கவும்.

சிரிஞ்சுக்கு எட்டாத பொடிகளுக்கு டேப். ஒட்டும் பக்கத்தை மெல்ல ஒற்றி எடுத்து, மடித்து, கவரில் போடுங்கள். டேப்பில் ஒருமுறை ஒற்றிய பகுதியால் மறுமுறை ஒற்றாதீர்கள். ஒட்டியது திரும்ப விழும்.

6. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடியுங்கள்

முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் பாதிதான் முடிந்திருக்கும். அறையைக் கொஞ்சம் இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் தெரியாதது பக்கவாட்டில் அடித்தால் ஊசிமுனை போல மின்னும். உருண்டை எதிர்பார்ப்பதைவிடத் தூரம் ஓடும். கட்டில் கால், பீரோ அடி, கதவு நிலை வரை தேடுங்கள். டைல்ஸ் இடுக்கையும் வெடிப்பு விட்ட சிவப்பு சிமென்ட் தரையையும் இரண்டு முறை பாருங்கள். இடுக்கிலிருந்து கிளற ஊசி வேண்டாம், அட்டையின் முனை போதும்.

7. கந்தகம், கடைசியில் மட்டும்

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகப் பொடியைத் தூவினால் பாதரசம் கட்டுப்பட்டுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. சித்த மருந்து செய்பவர்கள் இரண்டையும் கல்வத்தில் போட்டு மணிக்கணக்கில் அரைத்துத்தான் கருப்புப் பொடியாக்குகிறார்கள். அரைக்காமல் மேலே தூவினால் உருண்டையின் தோல் மட்டும் கருக்கும், உள்ளே அப்படியே இருக்கும்.

அதனால் அள்ளாமல் தூவாதீர்கள். அள்ளி முடித்த பிறகு, எட்டாத வெடிப்புகளில் மட்டும் தூவி, ஒரு நாள் விட்டு, அட்டையால் வழித்து அதையும் கவரில் போடுங்கள். மஞ்சள் நிறக் கந்தகப் பொடி பழுப்பாகவோ கருப்பாகவோ மாறினால் அங்கே இன்னும் பாதரசம் இருந்தது என்று அடையாளம். என்னைக் கேட்டால் கந்தகத்தின் பெரிய பயன் இந்த அடையாளம்தான்.

8. பாய், மெத்தை, துணி

இந்தப் பகுதியில் மட்டும் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. காய்ச்சல் பார்ப்பது படுக்கையில். அதனால் உடைவதும் படுக்கையில்தான். பத்தமடைப் பாய் என்றால், கோரைக்கும் நூலுக்கும் நடுவில் போன உருண்டையை எடுக்க வழியே இல்லை. உதறினால் வீடெங்கும் தெறிக்கும். மெத்தையாக இருந்தால் மேலுறை தைத்த ஓரத்திலும் பொத்தான் குழியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உருண்டை பட்ட துணியைத் துவைக்காதீர்கள். வாஷிங் மெஷினில் போட்டால் மெஷினும், அதற்குப் பிறகு துவைக்கும் துணிகளும் சேர்ந்து கெடும். ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். நேரடியாகப் பட்ட துணியையும் பாயையும் உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி, கவரில் கட்டி, கழிவோடு சேர்த்துவிடுங்கள். மெத்தையில் பட்ட இடத்தின் உறையை வெட்டி எடுங்கள், பஞ்சுக்குள் போயிருந்தால் மெத்தையையே விட்டுவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் நீங்கள் எட்டு மணி நேரம் மூக்கை வைத்துத் தூங்கும் இடம் அது.

அதே அறையில் இருந்தும் பாதரசம் படாத துணிகளை வெளியே நிழலில் காற்றாட விட்டால் போதும்.

9. கட்டி வைப்பதும் ஒப்படைப்பதும்

கையுறையை உட்புறம் வெளியாக உருவி, அதையும் சிரிஞ்சையும் அட்டைகளையும் கண்ணாடி, டேப் இருக்கும் கவரோடு சேர்த்து, இரண்டாவது கவரில் போட்டு மூடுங்கள். வெளியே ‘பாதரசக் கழிவு, திறக்கக் கூடாது’ என்று எழுதுங்கள். பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத, வெயில் படாத, வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் வைக்கலாம்.

சாக்கடையில் ஊற்றினால் குழாயின் வளைவில் தேங்கி வருடக்கணக்கில் ஆவி விடும். தாண்டிப் போனது தாமிரபரணிக்குப் போகும். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றும், அது மீனுக்குள் ஏறும். குப்பையோடு சேர்த்து எரித்தால் தெருவே சுவாசிக்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உடைந்த பாதரச தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்றே பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேராது. மாநகராட்சி என்றாலும் ஊராட்சி என்றாலும் சுகாதார ஆய்வாளரிடம் ‘பாதரசம் உள்ள அபாயக் கழிவு’ என்றே சொல்லிக் கேளுங்கள். ‘உடைஞ்ச தெர்மாமீட்டர்’ என்று மட்டும் சொன்னால், தூய்மைப் பணியாளர் வெறும் கையால் வாங்கிக்கொள்வார். அவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும்.

அப்புறம் குளித்துவிடுங்கள். அறையை ஒரு நாள் முழுக்க ஜன்னல் திறந்தே வைத்து, இப்போது டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைத்து ஓட விடலாம். மறுநாள் இன்னொரு முறை டார்ச்.

10. பி.பி. மெஷின், விளக்கு

பி.பி. மெஷின் உடைந்தால் நீங்களே அள்ள முயல வேண்டாம். 100 கிராம் என்றால் 7 மில்லிக்கு மேல், ஒன்றரைத் தேக்கரண்டி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் நூறு தெர்மாமீட்டருக்குச் சமம். ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்து, தீயணைப்பு நிலையத்தை 101-இல் கூப்பிட்டு பாதரசம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சி.எஃப்.எல்., குழல் விளக்கு உடைந்தால் பாதரசம் மிகக் கொஞ்சம், அதுவும் ஆவியாகவும் வெள்ளைப் பொடியோடு ஒட்டியும் இருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு அட்டையால் வழித்து, டேப்பால் ஒற்றி, கவரில் கட்டுங்கள். இங்கேயும் வாரியல் கிடையாது.

11. உடம்பில் என்ன பார்க்க வேண்டும்

குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்து விழுங்கிவிட்டது என்று அலறுபவர்கள், தரையில் சிந்தியதைக் கண்டுகொள்வதில்லை. தலைகீழ். விழுங்கிய உலோகப் பாதரசம் குடலில் மிக மிகக் குறைவாகவே ஏறும், பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். அங்கே பயம் கண்ணாடித் துண்டுக்குத்தான். வாந்தி எடுக்க வைக்காமல் வாயைக் கொப்பளிக்கச் செய்து டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சில் போகும் ஆவியோ 80 சதவீதம் அளவுக்கு உடம்பில் தங்கிவிடும்.

அள்ளிய அன்றோ மறுநாளோ இருமல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினால் 108. வாரக்கணக்கில் கழித்துக் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஈறு வீக்கம் வந்தாலும், ‘எங்கள் வீட்டில் பாதரசம் சிந்தியது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் சிறுநீரில் பாதரச அளவு பார்க்க அவருக்குத் தோன்றும்.

12. நகை வெளுத்துவிட்டால்

வீட்டு அடுப்பில் காட்டாதீர்கள். சூடு பட்டால் தங்கத்தில் ஏறிய பாதரசம் அத்தனையும் ஆவியாகி உங்கள் அடுக்களையில்தான் நிற்கும். தனிக் கவரில் போட்டு ஆசாரியிடம் கொண்டுபோய், பாதரசம் பட்டது என்பதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். என் மோதிரத்தை நான் சொல்லாமல்தான் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளக்குப் பக்கம் கொண்டு போகாமல், “இது ரசம் பட்டதுல்லா? முதல்லயே சொல்லப்படாதா?” என்று கேட்டார்.